கடன் பாக்கி வைத்தவரிடம் அரசு இரகசியத்தை ஒப்படைக்கலாமா?

1979ஆம் ஆண்டு ரொனால்ட் பெல்டன் என்ற அமெரிக்கர் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். மின்னணு ஒட்டுக்கேட்பில் உலகிலேயே பெரிய அமைப்பான என்.எஸ்.ஏ.வில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். சோவியத் இராணுவத்தின் தகவல் தொடர்புகளை அமெரிக்கா எங்கே, எப்படிக் கேட்கிறது என்பதை நுணுக்கமாக அறிந்தவர். திவாலான சில மாதங்களில் வேலையை விட்டவர், 1980 ஜனவரியில் வாஷிங்டனிலுள்ள சோவியத் தூதரகத்தைத் தொலைபேசியில் அழைத்துவிட்டு நேரில் போய்ச் சேர்ந்தார். ஓகோட்ஸ்க் கடலின் அடியில் கிடந்த சோவியத் கடற்படைக் கேபிளில் அமெரிக்க நீர்மூழ்கிகள் ஒட்டுக்கேட்புக் கருவி பொருத்தியிருந்த ‘ஐவி பெல்ஸ்’ என்ற நடவடிக்கை அவர் வழியாகத்தான் மாஸ்கோவுக்குத் தெரிந்தது. ஒரு தாளைக்கூட அவர் திருடிச் செல்லவில்லை, நினைவிலிருந்தே விற்றார். மொத்தமாகக் கிடைத்தது சுமார் 35,000 டாலர். 1985இல் அமெரிக்கப் பக்கம் தாவிய கே.ஜி.பி. அதிகாரி விதாலி யூர்ச்சென்கோ கொடுத்த துப்பினால் பிடிபட்டு, 1986இல் ஆயுள் தண்டனை பெற்றார்.

அரசு ஊழியரின் வீட்டுக் கடன், கார் தவணை, மருத்துவமனை பில் ஆகியவற்றை அமெரிக்க அரசு ஏன் துருவிப் பார்க்கிறது என்று யாராவது கேட்டால், பதிலாகச் சொல்லப்படுவது இத்தகைய கதைதான். அதே காலத்தில் பிடிபட்ட கடற்படையின் ஜான் வாக்கரும் தென் கரோலினாவில் நடத்திய மதுக்கடை நட்டப்பட்ட பிறகே சோவியத் தூதரகத்தின் படியேறினார். ஆனால் இன்று அரசு இரகசியங்களைக் கையாளத் தேவையான பாதுகாப்பு அனுமதி கடன் காரணமாக மறுக்கப்படுகிறவர்களின் வழக்குகளைப் படித்தால் அங்கே பெல்டன்களைக் காண முடியாது. விவாகரத்துக்குப் பின் கிரெடிட் கார்டு கட்டாமல் விட்டவர், மூன்று ஆண்டுகள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாதவர், மகனின் அறுவை சிகிச்சை பில் வசூல் நிறுவனத்துக்குப் போனதைக் கவனிக்காத தொழில்நுட்பர் என்று சாதாரண மனிதர்களே வரிசையில் நிற்கிறார்கள். விதி உளவாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நடைமுறையிலோ அது ஒரு மனிதர் தன் கடமைகளை எப்படி நடத்துகிறார் என்பதை அளக்கும் கருவியாக மாறியிருக்கிறது. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாததால்தான் பலர் கடன் தொகையைப் பற்றிக் கவலைப்பட்டு, உண்மையில் தங்களைக் கவிழ்க்கப்போகும் விஷயத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

அமெரிக்காவில் இரகசியம், மிக இரகசியம் என்று வகைப்படுத்தப்பட்ட தகவல்களைக் கையாள வேண்டிய எவரும், படைவீரராக இருந்தாலும் குடிமை ஊழியராக இருந்தாலும் தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளராக இருந்தாலும், முதலில் பாதுகாப்பு அனுமதி பெற வேண்டும். இதற்கான இன்றைய அளவுகோல்கள் 2017 ஜூன் 8 முதல் நடைமுறையிலுள்ள பாதுகாப்பு நிர்வாக ஆணை 4இல் உள்ளன. விசுவாசம், வெளிநாட்டுத் தொடர்பு, மது, போதைப்பொருள், குற்றச் செயல் என ‘ஏ’ முதல் ‘எம்’ வரை பதின்மூன்று தலைப்புகள். அவற்றில் ‘எஃப்’ என்பதுதான் பணம். அந்தத் தலைப்பின் முகப்பில் இரண்டு வாதங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. வரவுக்குள் வாழாதவரிடமும் கடனைத் திருப்பாதவரிடமும் தன்னடக்கமோ நிதானமோ விதிகளுக்குக் கட்டுப்படும் மனமோ குறைவாக இருக்கலாம், எனவே இரகசியத்தைக் காக்கும் விஷயத்திலும் அவரை நம்ப முடியுமா என்ற கேள்வி எழுகிறது என்பது ஒன்று. கழுத்தளவு கடனில் இருப்பவர் பணத்துக்காகச் சட்டவிரோதமான வழிகளை நாடும் அபாயம் அதிகம் என்பது மற்றது.

இரண்டாவது வாதம் பெல்டனுடையது. ஆனால் அதை ஒரு தனிமனிதர் மீது நிரூபிப்பது யாராலும் ஆகாத காரியம். இலட்சக்கணக்கானோர் கடனில் இருக்கிறார்கள், அவர்களில் தூதரகக் கதவைத் தட்டுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆகவே வழக்குகளில் வேலை செய்வது முதல் வாதம்தான். கடன், ஒருவருடைய குணத்துக்கான சாட்சியாகப் படிக்கப்படுகிறது. ஏழ்மை குணக்கேடு அல்ல என்பதை அதிகாரிகள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் இரண்டையும் பிரித்துக் காட்டும் வேலையை அவர்கள் விண்ணப்பதாரரின் தோளில் வைத்துவிடுகிறார்கள்.

‘எஃப்’ தலைப்பில் ஆபத்தான நிலைமைகள் எனப் பட்டியலிடப்பட்டவற்றில் கடனைக் கட்ட இயலாமை ஒரு தனி வகை. கட்ட வசதியிருந்தும் மனமில்லாமை இன்னொரு தனி வகை. தொடர்ந்து தவணை தவறிய வரலாறு, காசோலை மோசடி, கடன் விண்ணப்பத்தில் பொய்த் தகவல், வரவை மீறிய தொடர் செலவு, வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமை, சூதாட்டத்துக்காகக் கடன் வாங்குதல், சூதாட்ட நட்டத்தை வீட்டாரிடம் மறைத்தல் ஆகியவையும் உண்டு. பட்டியலில் பலர் எதிர்பாராத ஒன்று, விளக்கம் சொல்ல முடியாத செல்வம். அதற்கு ஓர் உருவம் தந்தவர் சி.ஐ.ஏ.வின் ஆல்ட்ரிச் ஏம்ஸ். 1985இல் விவாகரத்துச் செலவும் கடனும் நெருக்கியபோது சோவியத் தூதரகத்துக்குள் நுழைந்தவர் அவர். ஆனால் அதன்பின் அவரிடம் கடன் இல்லை. ஆர்லிங்டனில் 5,40,000 டாலருக்கு ரொக்கமாக வாங்கிய வீடும் ஜாகுவார் காரும் இருந்தன. கொலம்பியாவைச் சேர்ந்த மனைவி வீட்டாரின் சொத்து என்று அவர் சொன்னதை அலுவலகம் நம்பியது. 1994 பிப்ரவரியில் கைதாகும்வரை பொய்யறியும் கருவிச் சோதனையை இருமுறை கடந்திருந்தார். கடன் பாக்கியை மட்டும் தேடியிருந்தால் அந்த ஒன்பது ஆண்டுகளில் அவரை ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த அவமானத்துக்குப் பிறகு, 1995இல் அதிபர் கிளின்டன் பிறப்பித்த 12968ஆம் எண் ஆணை, அனுமதி கேட்பவரின் நிதி ஆவணங்களை அரசு பார்ப்பதற்கான ஒப்புதலை ஒரு நிபந்தனையாகவே ஆக்கியது.

நடைமுறை எஸ்.எஃப்.-86 என்ற நீண்ட வினாப் படிவத்தில் தொடங்குகிறது. அதன் 26ஆம் பிரிவு முழுவதும் பணம். கடந்த ஏழு ஆண்டுகளில் திவால் மனு போட்டதுண்டா, வரி கட்டாமல் விட்டதுண்டா, வீடோ வண்டியோ தவணைக்காகப் பறிமுதல் ஆனதுண்டா, எந்தக் கணக்கேனும் வசூல் நிறுவனத்துக்குப் போனதுண்டா, சம்பளத்தில் நீதிமன்றப் பிடித்தம் வந்ததுண்டா, எந்தக் கடனிலேனும் 120 நாளுக்கு மேல் பின்தங்கியதுண்டா, இன்று அப்படிப் பின்தங்கியிருக்கிறீர்களா என்று கேள்விகள் நீள்கின்றன. நீங்கள் வாங்கிய கடனை மட்டுமல்லாமல் பிறருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனையும் சொல்லச் சொல்கிறது படிவம். மச்சான் வாங்கிய காருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதை மறந்துபோனவர், அந்தத் தவணை நின்றுபோயிருந்தால், தன் பெயரில் அதை எழுதியாக வேண்டும்.

படிவத்தைப் பூர்த்தி செய்யும்போது பலருக்குத் தோன்றும் தந்திரம், நம் ஊர் சிபிலைப் போன்ற கடன் வரலாற்று அறிக்கையை எடுத்துப் பார்த்து, அதில் இருப்பதை மட்டும் எழுதுவது. இது இருமடங்கு ஆபத்தானது. முதலாவதாக, அறிக்கையில் இல்லாத கடன் இல்லாமல் போன கடன் அல்ல. 500 டாலருக்குக் குறைந்த மருத்துவ வசூல் கணக்குகளை அங்குள்ள மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்களும் 2023 ஏப்ரலில் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டன. படிவத்தின் கேள்வி மாறவில்லை. இரண்டாவதாக, மறைத்தது தெரியவந்தால் வழக்கு ‘எஃப்’ தலைப்பிலிருந்து தனிநபர் நடத்தையைப் பற்றிய ‘இ’ தலைப்புக்கும் தாவிவிடுகிறது. கூட்டாட்சி அரசிடம் தெரிந்தே பொய் சொல்வது ஐந்தாண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, பணக் கடனுக்குப் பரிகாரம் உண்டு, பொய்க்கு அது மிகக் கடினம் என்பதே வழக்குகள் காட்டும் நடைமுறை. 3,000 டாலர் பாக்கியை மறைத்தவர், 60,000 டாலர் பாக்கியை ஒன்றுவிடாமல் எழுதியவரைவிட மோசமான நிலையில் நிற்பது அங்கு விந்தையல்ல.

பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த நிறுவன ஊழியர் ஒருவரைப் பற்றி அதிகாரிகளுக்குத் திருப்தி ஏற்படவில்லை என்றால், ‘காரண விளக்க அறிக்கை’ ஒன்று அவருக்கு வரும். அந்த ஆவணத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. 1.ஏ., 1.பி., 1.சி. என்று வரிசையாகப் பத்திகள். ஒவ்வொன்றிலும் ஒரு கடன், கொடுத்தவரின் பெயர், சுமாரான தொகை, ‘இன்றைய தேதிவரை கணக்கு நிலுவையில் உள்ளது’ என்ற ஒரே வாசகம். சிலருக்கு இப்பட்டியல் ஆங்கில எழுத்துகள் இருபத்தாறையும் கடந்து 1.ஏஏ. என்று மறுபடி தொடங்கும். ஒவ்வொரு பத்திக்கும் எதிரே ‘ஒப்புக்கொள்கிறேன்’ அல்லது ‘மறுக்கிறேன்’ என்று எழுதி, சத்தியம் செய்து, இருபது நாளில் திருப்பி அனுப்ப வேண்டும். விசாரணை வேண்டுமா, எழுத்து ஆவணங்களின் மேல் தீர்ப்புப் போதுமா என்பதையும் அதிலேயே சொல்ல வேண்டும்.

விசாரணை கேட்கும் இந்த உரிமை 1959இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு விமானத் துறைப் பொறியாளர் வென்ற வழக்கின் விளைவு. தன்மீது சாட்சி சொன்னவர்கள் யார் என்றுகூடத் தெரியாமல் அனுமதியை இழந்து வேலையையும் இழந்த அவருக்கு நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்ததால், அடுத்த ஆண்டே அதிபர் ஐசன்ஹோவர் ஒப்பந்த ஊழியர்களுக்கான விசாரணை முறையை 10865ஆம் எண் ஆணையால் ஏற்படுத்தினார். இன்று அதை நடத்துவது பாதுகாப்புத் துறையின் விசாரணை மற்றும் மேல்முறையீட்டு அலுவலகமான டி.ஓ.எச்.ஏ. அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஒருவர், நிர்வாக நீதிபதி ஒருவர், சாட்சியம், குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. பார்ப்பதற்கு நீதிமன்றம் போலவே இருக்கும். அதன் தீர்ப்புகள் பெயர்கள் நீக்கப்பட்டுப் பொதுவில் வெளியாவதால்தான் இத்துறையில் எது எடுபடும், எது எடுபடாது என்று நம்மால் ஓரளவு உறுதியாகப் பேச முடிகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் அது நீதிமன்றத்துக்கு நேர் எதிர். குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் போகும். இங்கே சந்தேகத்தின் பலன் நாட்டுக்குப் போகும். பாதுகாப்பு அனுமதி எவருக்கும் உரிமையல்ல என்று 1988இல் கடற்படைக்கும் ஈகன் என்ற தொழிலாளிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அனுமதி தருவது தேச நலனுக்குத் தெளிவாக உகந்தது என்ற நிலை வந்தால் மட்டுமே தரலாம், அந்த மதிப்பீட்டை நிர்வாகத்திடமே விட வேண்டும் என்பது அதன் சாரம். கடன் இருப்பதை அரசு காட்டிவிட்டால் போதும், கடன் அறிக்கை ஒன்றே அதற்குப் பெரும்பாலும் போதுமான சான்று. அதன்பின் நிரூபிக்கும் சுமை முழுக்க விண்ணப்பதாரருடையது.

அவர் எதை நிரூபிக்க வேண்டும் என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. வேலை இழப்பு, தொழில் நசிவு, எதிர்பாராத மருத்துவ அவசரம், குடும்பத்தில் மரணம், விவாகரத்து, கந்துவட்டிக்காரரிடம் ஏமாந்தது, அடையாளத் திருட்டு ஆகியவற்றால் கடன் நேர்ந்திருந்தால் அது தணிக்கும் சூழலாகக் கொள்ளப்படும் என்கிறது பாதுகாப்பு நிர்வாக ஆணை 4. இதை மட்டும் படித்துவிட்டு ஆறுதலடைகிறவர்கள் அதே வரியின் பின்பாதியைத் தவறவிடுகிறார்கள்: அந்தச் சூழலில் அவர் பொறுப்புடன் நடந்துகொண்டிருக்க வேண்டும். அந்தப் பின்பாதிதான் வழக்கைத் தீர்மானிக்கிறது.

இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்கும் 28,000 டாலர் கடன், இருவருக்கும் காரணம் எட்டு மாத வேலையின்மை. முதலாமவர் வேலை போன இரண்டாம் மாதமே கடன்காரர்களுக்கு எழுதினார். ஒருவர் தவணையைக் குறைத்தார், மூவர் மறுத்தார்கள். மறுபடி வேலை கிடைத்ததும் சிறிய கடனிலிருந்து தொடங்கி மாதம் 200 டாலர் வீதம் கட்டி வருகிறார். இன்னும் 22,000 டாலர் பாக்கி இருக்கிறது. இரண்டாமவர் வேலை கிடைத்த பிறகும் மூன்றாண்டு எதையும் தொடவில்லை. காரண விளக்க அறிக்கை வந்த மறுவாரம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து எடுத்து 20,000 டாலரை ஒரே மூச்சில் கட்டிவிட்டார். கணக்கில் பார்த்தால் இரண்டாமவருடைய பாக்கி வெறும் 8,000. ஆனால் வெல்லக்கூடியவர் முதலாமவரே. எல்லாக் கடனையும் கட்டி முடித்திருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு வாரியம் கேட்பதில்லை. நியாயமான திட்டம் ஒன்று இருக்க வேண்டும், அதன்படி நடந்துகாட்டியிருக்க வேண்டும், அவ்வளவே. அனுமதி பறிபோகும் நிலை வந்த பிறகு மட்டும் பணம் கட்டுகிறவர், கண்காணிப்பு இல்லாத நேரத்தில் விதியை மதிக்க மாட்டார் என்ற முடிவுக்கே இடம் கொடுக்கிறார். கடுமையாகத் தோன்றினாலும் இதில் தர்க்கம் இருக்கிறது. இரகசியக் கோப்பைப் பூட்டி வைக்கிறாரா என்று யாரும் தினமும் நின்று பார்க்கப்போவதில்லை அல்லவா?

இதனால் சாதாரணக் கடன் உலகில் செல்லுபடியாகும் பல தற்காப்புகள் இங்கே செல்லாக்காசாகின்றன. பல மாநிலங்களில் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் கடனுக்கான வழக்குத் தொடரும் காலவரம்பு முடிந்துவிடும். அதன்பின் வங்கி நீதிமன்றத்துக்குப் போக முடியாது. பாதுகாப்பு அதிகாரிக்கோ அது சட்டத்தின் சந்தில் ஒளிந்துகொண்டதாகத்தான் படும். ஏழாண்டு கழிந்து கடன் அறிக்கையிலிருந்து பதிவு உதிர்ந்துவிடுவதும் அப்படியே. உதிர்ந்தது பதிவு, கடன் அல்ல. வங்கி ஒரு கணக்கை வாராக்கடனாக எழுதிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவோர் பலர். அது வங்கியின் கணக்குப் புத்தகத்துக்கான ஏற்பாடு மட்டுமே. வங்கி கடனை ரத்து செய்ததாக 1099-சி படிவம் அனுப்பியிருந்தால் கடன் முடிந்திருக்கலாம். ஆனால் ரத்தான தொகை பொதுவாக வருமானமாகக் கருதப்படும் என்பதால், அதற்கு வரி கட்டினீர்களா என்ற அடுத்த கேள்வி காத்திருக்கும்.

மஞ்சள் கடுதாசியின் நிலை சுவாரசியமானது. பெல்டனின் நிழல் அதன்மீது விழுந்திருந்தாலும், திவால் மனுவே அனுமதிக்கு முட்டுக்கட்டை அல்ல. திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயத்தின் கீழ் மூன்று முதல் ஐந்து ஆண்டு நீதிமன்ற மேற்பார்வையில் தவணை கட்டி வருகிறவர், தன் நல்லெண்ணத்துக்கு மாதாமாதம் சான்று சேர்க்கிறவர். கடன்களைப் பெரும்பாலும் துடைத்துவிடும் 7ஆம் அத்தியாயம் அவ்வளவு வலுவானதல்ல. அது சட்டபூர்வமான வழி என்பதை எவரும் மறுப்பதில்லை, ஆனால் கடனைத் தீர்க்க எடுத்த முயற்சியாக அதை நீதிபதிகள் எளிதில் ஏற்பதில்லை. மருத்துவச் செலவால் நொடித்துப்போய் ஒருமுறை திவாலாகி, அதன்பின் பல ஆண்டுகள் ஒழுங்காக இருப்பவருக்குப் பெரும்பாலும் கதவு திறந்திருக்கும். இரண்டாம் முறை திவாலானவருக்கு அது கடினம்.

கடனைக் குறைத்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் வணிக நிறுவனங்களைப் பற்றியும் ஒரு சொல். வங்கிகளுக்குப் பணம் கட்டுவதை நிறுத்துங்கள், எங்களிடம் சேமியுங்கள், பிறகு பேரம் பேசித் தருகிறோம் என்பதே இவற்றில் பலவற்றின் வழிமுறை. சாதாரணக் கடனாளிக்கு அது இலாபமோ நட்டமோ, அனுமதி வைத்திருப்பவருக்கு அது வேண்டுமென்றே 120 நாள் எல்லையைத் தாண்டும் வழி. ஆணை தணிக்கும் சூழலாகக் குறிப்பிடுவது இலாப நோக்கற்ற ஆலோசனை மையம் போன்ற நம்பகமான இடத்தில் பெறும் ஆலோசனையை. அத்துடன் பிரச்சினை தீர்ந்துவருகிறது என்பதற்கான அறிகுறிகளையும் கேட்கிறது.

விசாரணையில் நீதிபதி வழக்கமாகக் கேட்பது பெரிய தத்துவக் கேள்விகளை அல்ல. மாத வருமானம் எவ்வளவு, செலவு போக மிச்சம் எவ்வளவு, வங்கிக்கு எப்போது போன் செய்தீர்கள், யார் பேசினார், கடிதம் இருக்கிறதா, கட்டிய ரசீது எங்கே என்பவைதான். ‘கட்டிவிட்டேன்’ என்ற வாய்ச்சொல்லோடு வருகிறவர்கள் இங்கே தோற்கிறார்கள். உண்மையிலேயே கட்டியிருந்தும், வங்கியிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வாங்கி வைக்காததால் தோற்றவர்கள் இருப்பதுதான் வருத்தம்.

வரிக் கடன் தனி இனம். கிரெடிட் கார்டுக்காரரைக் காக்க வைப்பது ஒன்று, தான் யாருடைய இரகசியத்தைக் காக்கப்போகிறாரோ அந்த அரசையே காக்க வைப்பது வேறு. கணக்கு தாக்கல் செய்யாதவரைப் பார்த்து, எழுதப்பட்ட எளிய விதியையே பின்பற்றாதவர் இரகசிய விதிகளை எப்படிப் பின்பற்றுவார் என்று கேட்பது நீதிபதிகளின் வழக்கம். ஆனால் நடைமுறை இந்தக் கண்டிப்புக்கு எப்போதும் ஈடுகொடுத்ததில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2006 ஏப்ரல் முதல் 2011 டிசம்பர் வரை அனுமதிக்குத் தகுதி பெற்ற குடிமைத் துறை ஊழியர், ஒப்பந்ததாரர்களில் சுமார் 8,400 பேர் 8.5 கோடி டாலர் அளவுக்கு வரி பாக்கி வைத்திருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வரித்துறையுடன் தவணை ஒப்பந்தம் செய்திருந்தவர்கள். அடுத்த ஆண்டு பாதுகாப்புத் துறையைப் பற்றி வந்த அறிக்கையில் எண்ணிக்கை சுமார் 83,000, பாக்கி 73 கோடி டாலருக்கு மேல். இந்த எண்களை அரசின் கையாலாகாத்தனத்துக்குச் சான்றாகக் காட்டியவர்கள் உண்டு. பாக்கி இருந்தும் ஒழுங்காக வேலை பார்த்தவர்கள் இத்தனை பேர் என்றும் அதே எண்களைப் படிக்கலாம். எனக்கு இரண்டாவது வாசிப்பே பொருந்துவதாகத் தோன்றுகிறது.

படைவீரர்கள் விஷயத்தில் அரசே கடன்காரர்கள் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. முகாம்களின் வாசலையொட்டி வரிசைகட்டி நின்ற சம்பள முன்பணக் கடைகள், பத்தொன்பது இருபது வயதுச் சிப்பாய்களுக்கு ஆண்டுக் கணக்கில் முந்நூறு சதவீதத்தைத் தாண்டும் வட்டியில் கடன் கொடுத்துவந்தன. கடனில் மூழ்கிய சிப்பாய் அனுமதியை இழந்தால் அவரைக் களத்துக்கு அனுப்ப முடியாது. பயிற்சிக்குச் செலவிட்ட பணமும் வீண். போர்க்காலத்தில் இது தாங்க முடியாத இழப்பு என்று பாதுகாப்புத் துறை 2006இல் காங்கிரஸிடம் முறையிட்டது. அந்த ஆண்டே இயற்றப்பட்ட இராணுவக் கடன் சட்டம், படைவீரர்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் தரும் இத்தகைய கடன்களுக்கு 36 சதவீத உச்சவரம்பு விதித்தது.

கடந்த பத்தாண்டில் மாறியிருப்பது கண்காணிப்பின் வேகம். முன்பு மிக இரகசிய அனுமதிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, இரகசிய அனுமதிக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை மறுவிசாரணை. இடையில் நடப்பது பெரும்பாலும் தெரியாது. 2013 செப்டம்பரில் வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் அனுமதி பெற்ற ஒப்பந்த ஊழியர் ஒருவர் பன்னிரண்டு பேரைச் சுட்டுக்கொன்ற பிறகு அந்த இடைவெளியைச் சகித்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. 2021 அக்டோபரில் பாதுகாப்புத் துறையின் அனுமதி பெற்றோர் அனைவரும் தொடர் சரிபார்ப்பில் சேர்க்கப்பட்டுவிட்டதாக அதற்கான முகமை அறிவித்தது. கடன் தகவல் நிறுவனங்களிலிருந்து எச்சரிக்கை தானாக வந்து விழுகிறது. 2017 முதல், திவாலையும் 120 நாளைத் தாண்டிய பாக்கியையும் ஊழியரே முன்வந்து சொல்ல வேண்டும் என்ற கடமையும் உண்டு. மிக இரகசிய நிலையில் இருப்பவர் 10,000 டாலரோ அதற்கு மேலோ வரும் பரம்பரைச் சொத்தையோ லாட்டரிப் பரிசையோகூடத் தெரிவித்தாக வேண்டும். எச்சரிக்கை வந்து அதிகாரி கேட்பதற்கு முன்பே சொன்னவருக்கும் கேட்ட பிறகு சொன்னவருக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இந்த ஏற்பாட்டின் முரண்கள் வெளிப்படும் நேரங்கள் உண்டு. 2018 டிசம்பர் 22 தொடங்கி, நிதி ஒதுக்கீட்டுக்கு ஒப்புதல் கிடைக்காமல் 35 நாள் அரசு முடங்கியபோது சுமார் எட்டு லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. தவணை தவறினால் அனுமதியைப் பெறுவதும் புதுப்பிப்பதும் பாதிக்கப்படும் என்று எஃப்.பி.ஐ. அதிகாரிகளின் சங்கம் அப்போது பகிரங்கமாக எச்சரித்தது. சம்பளத்தை நிறுத்தியதும் அரசு, தவணை ஏன் தவறியது என்று கேட்கப்போவதும் அரசு. 2025 அக்டோபரில் தொடங்கிய முடக்கம் 43 நாள் நீடித்தது. இது கட்டுப்பாட்டை மீறிய சூழல் என்பதில் ஐயமில்லை, 43 நாளும் 120 நாளல்ல. ஆயினும் ஏற்கெனவே மூன்று மாதம் பின்தங்கியிருந்தவருக்கு அந்தக் கணக்கு வேறு. இதைவிடப் பெரிய முரண், 2015இல் வெளியான தகவல் திருட்டு. ஊழியர் நிர்வாக அலுவலகத்தின் கணினிகளிலிருந்து 2.15 கோடிப் பேரின் பின்னணி விசாரணை விவரங்கள் களவாடப்பட்டன. எதிரி யாரை விலைக்கு வாங்க முடியும் என்று அறிவதற்காக அமெரிக்கா ஆண்டுக்கணக்கில் சேகரித்த பலவீனப் பட்டியல், சீனாவுடன் தொடர்புடையவர்கள் என்று அதிகாரிகள் கருதும் ஊடுருவலாளர்களின் கைக்கு மொத்தமாகப் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களுக்கு இதில் ஒரு கூடுதல் மடிப்பு இருக்கிறது. அனுமதி, மிக அரிதான விலக்குகள் நீங்கலாக, குடியுரிமை பெற்றவர்களுக்கே. எச்-1பியில் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்துக் குடியுரிமை பெற்று, பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனத்தில் நல்ல வேலை கிடைத்ததும் முதன்முறையாக எஸ்.எஃப்.-86ஐத் திறக்கும் பொறியாளரிடம், வெளிநாட்டு நிதி நலன்களைப் பற்றி 20ஏ பிரிவு தனியாகக் கேட்கும். தாம்பரத்தில் வாங்கிய ஃபிளாட், ஊரிலுள்ள வங்கிக் கணக்கு எல்லாம் அதில் வரும். ஊர் வங்கியில் நிலுவையான கல்விக் கடன் அமெரிக்கக் கடன் அறிக்கையில் தெரியாது என்பதால் அது கணக்கில் சேராது என்று எண்ணிவிடக் கூடாது; எந்தக் கடனாக இருந்தாலும் என்றுதான் கேள்வி கேட்கிறது, எந்த நாட்டில் என்று அது வரம்பு கட்டவில்லை.

அனுமதி மறுக்கப்பட்ட ஒப்பந்த ஊழியர், மேல்முறையீட்டிலும் தோற்றால், ஓராண்டு கழித்தே மீண்டும் விண்ணப்பிக்க முடியும். அதற்கு ஒரு நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்து, அவருக்காக அனுமதி கோர வேண்டும். கடனைக் கட்ட வேண்டும் என்பதற்காக, கடனைக் கட்டுவதற்கான சம்பளத்தைப் பறிக்கும் இந்த ஏற்பாட்டின் அபத்தத்தை நீதிபதிகள் அறியாமலில்லை. ஆனால் வேலை போய்விடும் என்பதைக் காரணமாகக் கொண்டு அனுமதி வழங்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. மறுவிண்ணப்பத்தில் பழைய பட்டியலின் ஒவ்வொரு பத்தியும் திரும்ப எடுக்கப்படும். குறைந்த சம்பளத்தில் வேறு வேலை பார்த்த அந்த ஓராண்டில் மாதம் ஐம்பது டாலரேனும் தவறாமல் கட்டியவரிடம், போன முறை இல்லாத பன்னிரண்டு ரசீதுகள் இருக்கும்.